ஒன்றரைக் கண்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாததற்கு சோம்பல் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி இரண்டு வரியாகத் தெரிந்தது. இப்போதும் கண்ணாடியின் இடது பக்கத்தில் டேப் ஒட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்.

பங்குனியில் ஒரு நாள் காலை, சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் தரையில் விழுந்தது. இரண்டு டம்ளர் தெரிந்ததில், இல்லாத டம்ளரில் ஊற்றியிருக்கிறேன்! ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும், திறந்தால் மறுபடி இரண்டு. கூடவே தலைசுற்றல், வாந்தி. கை கால் நன்றாக இருந்தது, பேச்சும் குழறவில்லை. அதனால் பித்தமாக இருக்கும் என்றேன். உன் தங்கச்சி காதில் வாங்கவே இல்லை, ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார். நல்ல மனுஷன்தான். ஆனால் மூளை ரத்தக்குழாய் அடைப்புக்குக் கொடுக்கிற அந்த மாத்திரை ரத்தக்கசிவுக்கு ஆகாது. ஸ்கேன் பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிபி 210/120. உன்னிடம் மறைப்பானேன், மாத்திரையை நானாகவே நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற மேதாவித்தனம்.

ஸ்கேனில் சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒரு பொட்டு. மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கிற அந்தத் தண்டு கட்டைவிரல் பருமன்தான். அதன் நடுப்பகுதிக்குப் பெயர் பான்ஸ். லத்தீனில் பாலம் என்று அர்த்தம். அங்கே பெரிதாகக் கசிந்தால் ஆள் நினைவிழந்துவிடுவான், கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கிவிடும், பிழைப்பது அரிது. எனக்குக் கசிந்தது பாலத்தின் பின்புறம், இடது ஓரத்தில் மட்டும். கண்ணைப் பக்கவாட்டில் திருப்புகிற இடம் அதுதான்.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார். உனக்கும் சொல்கிறேன், கேள். இடது பக்கம் பார்க்க வேண்டும் என்றால் இடது கண்ணை வெளிப்பக்கம் இழுப்பது, மூளையிலிருந்து கிளம்புகிற நரம்புகளில் ஆறாம் நரம்பு. அதே நொடியில் வலது கண்ணை மூக்குப் பக்கம் கொண்டுவருவது மூன்றாம் நரம்பு. ஆறாவது கிளம்புவது பாலத்திலிருந்து, மூன்றாவது அதற்கு மேலே நடுமூளையிலிருந்து. இரண்டும் ஒரு நுகத்து மாடு போலச் சேர்ந்து திரும்ப, நடுவே ஒரு நரம்பிழை ஓடுகிறது. எனக்கு இடது ஆறாம் நரம்பு கிளம்பும் இடமே அடிபட்டதால் இரண்டு கண்ணும் இடது பக்கம் திரும்பவில்லை. அது ஒன்று. பக்கத்திலேயே ஓடுகிற இழையும் போனதால், வலது பக்கம் பார்க்கும்போது இடது கண் கூட வருவதில்லை. அது அரை. ஆக, பக்கவாட்டில் எனக்கு மிச்சமிருப்பது வலது கண் வலது பக்கம் போவது மட்டும்தான், அதுவும் துடித்துக்கொண்டே. மேலும் கீழும் பார்க்கிற வேலை நடுமூளையுடையது என்பதால் அதில் குறையில்லை.

இதற்குப் பெயர் என்ன தெரியுமா? ஒன்றரை சிண்ட்ரோம்! மில்லர் ஃபிஷர் என்கிற நரம்பியல் மருத்துவர் 1967-ல் வைத்த பெயர். முகத்து நரம்பான ஏழாவது இந்த இடத்தை வளைத்துச் சுற்றிக்கொண்டு போகிறதாம். அதுவும் அடிபட்டு வாய் கோணியிருந்தால் ஏழும் ஒன்றரையும் சேர்த்து எட்டரை சிண்ட்ரோம். டாக்டர்களுக்கும் கணக்கு வாத்தியார் புத்தி இருக்கிறது.

பெயரைக் கேட்டதும் வார்டிலேயே சிரித்துவிட்டேன். நர்ஸ் பயந்துபோனார். அன்று ராத்திரி சிரிப்பு வரவில்லை. ஆறாம் வகுப்பில் உனக்கு ‘ஒன்றரைக் கண்ணன்’ என்று பெயர் வைத்தது யார் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். கடைசி பெஞ்சுக்காரர்கள் மேல் பழியைப் போட்டேன். வைத்தது நான்தான். மாங்காய் ஒன்றை உன் முகத்துக்கு நேரே நீட்டி எத்தனை என்று கேட்போம். ஒன்று என்பாய். பொய், பொய் என்று கத்துவோம்.

நீ சொன்னது உண்மை. சின்ன வயதிலேயே மாறுகண் வந்தால் மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவைக்கப் பழகிவிடுமாம், அதனால் இரண்டாகத் தெரியாது. என்னைப் போல வயதான பிறகு கோணினால் மூளைக்கு அந்த வித்தை வராது. இதை டாக்டர் சொன்னபோது எனக்கு உன் டவுசர் பையும் அந்த மாங்காயும்தான் ஞாபகம் வந்தது.

ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை. அந்த இடத்தில் கத்தி வைப்பது பெரிய விஷப்பரீட்சை. டிரிப்ஸில் மருந்து ஏற்றி பிபியைக் குறைத்தார்கள், கசிந்த ரத்தம் தானாகக் கரைய வாரக்கணக்கில் ஆனது. டேப்பை ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று மாற்றி ஒட்டுகிறேன். ஆறு மாதமாவது பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் கோணல் மிச்சமிருந்தால் கண் தசையில் சின்ன ஆபரேஷன் செய்யலாமாம். போன வாரத்திலிருந்து இடது கண் மூக்குப் பக்கம் கொஞ்சம் நகர்கிறது. அதாவது அரை திரும்பிக்கொண்டிருக்கிறது. ஒன்று இன்னும் அசையவில்லை.

ரோட்டைக் கடக்கத்தான் சிரமம். இடது பக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. தெருப் பையன்கள் ரோபோ தாத்தா என்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

புரட்டாசியில் ஊர்ப்பக்கம் வருவதாக எழுதியிருந்தாயே, வீட்டுக்கு வா. திண்ணையில் என் வலது பக்கமாகப் பார்த்து உட்கார். திட்டுவதானால் அங்கிருந்தே திட்டு, முகம் தெரியும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்