வீரனாருக்கு மீசை வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக வாசகர் பகுதியில் கடவுளுக்கு உருவம் உண்டா, இல்லையா என்று ஒரு சண்டை நடக்கிறது. கல்லைக் கும்பிடுவது அறியாமை, அருவமாக வழிபடுவதே உயர்ந்தது என்று ஒருவர் எழுத, உருவம் இல்லாமல் மனம் எப்படி நிற்கும் என்று இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். ஒரு மனிதன் மனத்தில் ஒரு மாதிரிக் கடவுள்தான் இருப்பார் என்று இருவருமே நினைக்கிறார்கள் போல. 29 வருஷம் சிதம்பரம் - வடலூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். நான் பார்த்தது வேறு.

சிதம்பரம் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சித்சபையில் நடராசர் கால் தூக்கி ஆடுகிறார், அது உருவம். அங்கேயே ஸ்படிக லிங்கத்துக்கு ஆறு காலமும் அபிஷேகம் நடக்கிறது; அது உருவமும் அருவமும் கலந்த அருவுருவம். பக்கத்தில் திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும், அதற்குப் பின்னால் வெறும் வெளி. அதுதான் ரகசியம், அருவம். போதாக்குறைக்கு, ஓரிடத்தில் நின்றால் நடராசரையும் படுத்திருக்கிற கோவிந்தராசப் பெருமாளையும் ஒன்றாகப் பார்க்கலாம். இத்தனையையும் ஒரே மூச்சில் கும்பிட்டுவிட்டு ஓடிவந்து பஸ் ஏறுகிற ஜனங்கள், எது உயர்ந்தது என்று என் வண்டியில் ஒரு நாளும் விவாதித்ததில்லை. சண்டையெல்லாம் சில்லறைக்குத்தான்.

என்னோடு நெடுநாள் ஓடிய டிரைவர் பரங்கிப்பேட்டைக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் புவனகிரியில் டீ குடிக்கும்போது, "அந்தத் திரைக்குப் பின்னால என்னதான் இருக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெறும் வெளிதான் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதைத்தானய்யா நாங்களும் சொல்றோம்" என்றார். ஆனால் அவருக்கும் அது வெறும் வெளியாக மட்டும் இல்லை. இறைவனுக்குப் படம் கிடையாது, திருநாமங்கள் 99 உண்டு. மழையில் வண்டியை எடுக்கும்போது காப்பவனைக் கூப்பிடுவார். மகள் காய்ச்சலில் கிடந்த வாரம் முழுக்க இரக்கமுள்ளவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வடலூரில் இறங்கினால் சத்திய ஞான சபை. வள்ளலார் 1872-இல் தைப்பூசத்தன்று தொடங்கியது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு திரை; ஏழும் விலகினால் ஒரு ஜோதி. அந்த வள்ளலார் கைக்குழந்தையாக இருந்தபோது சிதம்பரத்தில் திரை விலகியதும் சிரித்தார் என்பார்கள். சிறுவயதில் சென்னையில் கண்ணாடிக்குள் தணிகை முருகனைக் கண்டார் என்பார்கள். கடைசியில் அருட்பெருஞ்ஜோதி. ஒரே ஆயுளில் இத்தனை. இது போக, 1867-இல் பசித்தவர்களுக்குச் சோறு போட அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. மாதம் தவறாமல் என் வண்டியில் வருகிற கிழவி ஒருத்தி சபைப் பக்கமே போகமாட்டாள். சாப்பிட்டுவிட்டு அடுப்பு இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த டிரிப்பிலேயே ஏறிவிடுவாள். சபைக்குப் போகலையா ஆயா என்றால், "நெருப்பு எங்க எரிஞ்சா என்னப்பா" என்பாள்.

சரி, இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சண்டை.

எங்கள் குலதெய்வம் வீரனார். வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், பக்கத்தில் இரண்டு சூலம், அவ்வளவுதான். கூரைகூடக் கிடையாது. போன மாசியில் பங்காளிகள் கூடி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி ஏழடிச் சிலையைச் சிமெண்டில் செய்து கும்பாபிஷேகம் பண்ணுவது என்று முடிவெடுத்தார்கள். தலைக்கட்டுக்கு 3,000 ரூபாய் வரி. சிலை செய்கிறவரும் வந்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: மீசை முறுக்கியதா, தொங்குவதா? கையில் அரிவாளா, வாளா? குதிரை என்ன நிறம்? காலில் செருப்பு உண்டா?

அங்கே பிடித்தது வினை. முறுக்கு மீசைதான் என்றார் எண்பத்தைந்து வயதுப் பெரியப்பா. "அவன் இளவட்டப் பிள்ளை, மீசையே மொளைக்கல. எங்கம்மா கனவுல அப்படித்தான் வந்தான்" என்று அத்தை எழுந்துவிட்டார். வெள்ளைக் குதிரை என்றான் என் தம்பி. குதிரையே கிடையாது, ராத்திரியில் நடந்துதான் எல்லை சுற்றுகிறார், அதனால்தானே செருப்பு வாங்கி வைக்கிறோம் என்றார் பெரியப்பா மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் பையன், "அது ஒரு எனர்ஜி தாத்தா" என்றான். (வரியை முதலில் கட்டியவன் அவன்தான்.) என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் வேறொரு வீரனாரைச் சொல்லியிருப்பாள். அவளுக்கு அவர் முன்கோபக்கார அண்ணன். பொங்கல் வைக்க நேரமானால் கோபித்துக்கொள்வார், இவள் கண் கலங்கினால் உருகிவிடுவார். கல்லுக்கு முன்னால் நின்று, "உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா" என்று அவள் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். எனக்கோ இன்றுவரை முகம் எதுவும் தோன்றியதில்லை. சின்ன வயதில் இருட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது எனக்குப் பின்னாலேயே வருகிற காலடிச் சத்தம், அதுதான் வீரனார்.

இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கல்லைக் கும்பிட்டிருக்கிறோம், பக்கத்து ஆள் யாரைக் கும்பிடுகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கல் யாருடைய மீசைக்கும் மறுப்புச் சொன்னதில்லை. அறியாமை என்று எழுதிய வாசகர் எங்கள் கூட்டத்துக்கு வந்திருக்கவேண்டும். உருவம் வேண்டும் என்று எழுதியவரும்தான். யாருடைய உருவத்தைச் செய்வது ஐயா?

சிலைமேல் எனக்கு வெறுப்பில்லை. குயவர்கள் செய்த மண்குதிரையை ஐயனார் கோயிலில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். ஆனால் இப்போது பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், ஊருக்கு ஊர் ஒரே ரோஸ் முகம், ஒரே முழி. எந்த ஊர் வீரன் என்று போர்டைப் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

பழைய கல்லை என்ன செய்வீர்கள் என்று சிலைக்காரரைக் கேட்டேன். பீடத்துக்குள் வைத்துப் பூசிவிடலாம் என்றார். சித்திரையில் மறுபடியும் கூட்டம். மீசை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. என் பங்கு மூவாயிரத்தை நானும் இன்னும் கட்டவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்,
குறிஞ்சிப்பாடி.

(பெயர் போடவேண்டாம். பங்காளிகள் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.)