உதவி கேட்டு வந்தவருக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

நான் மனம் உடைந்து கிடந்த கடந்த மாதங்களில் என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்களில் சிலர் என்னைவிடத் தெளிவாகவே அறிவீர்கள். ஆகவே அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. உறக்கம் திரும்பி, காலையில் கண் விழித்ததும் நெஞ்சை அழுத்திய கனம் குறையத் தொடங்கியிருக்கும் இந்நாட்களிலேயே இம்மடலை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தள்ளிப்போட்டால் இது வெறும் சம்பிரதாயக் கடிதமாகிவிடும்.

வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், என் பங்கு வேலையைச் சொல்லிக்காட்டாமல் செய்து முடித்தவர்கள், நான் தொலைபேசியை எடுக்காதபோதும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் அழைத்தவர்கள், யார் பக்கம் நியாயம் என்ற விசாரணையில் இறங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை, அவசரப்படுத்தாத மருத்துவர், மனநல ஆலோசகர் ஆகிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இத்தனை பேரை ஒரே வாக்கியத்தில் அடக்குவது நியாயமில்லைதான். ஆனால் இம்மடலின் பெரும்பகுதியை, தான் எனக்கு உதவியதாகவே நினைக்காத ஒருவருக்காக ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் அக்காவைத்தான் சொல்கிறேன். அதற்கு முன் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசி, என் கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், அவர் ஒரு கட்டுத் தாள்களுடன் என் மேசைக்கு வந்தார். தொலைநிலைக் கல்வியில் முதுகலை படிப்பதாகவும், ஆய்வேட்டில் வாக்கியங்கள் சரியாக அமையவில்லை என்றும் கூறிவிட்டு, "நீ நல்லா எழுதுவியாமேம்மா, இதைக் கொஞ்சம் திருத்திக் கொடேன்" என்றார். என் நிலைமை அலுவலகம் முழுவதும் தெரிந்திருந்தது. அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அந்த நாட்களில் என் ஆலோசகர் எனக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வுற்றவர்களிடம் தம்மைத் தாமே தாழ்த்தும் எண்ணங்கள் நினைக்காமலே எழுவதையும், அவற்றை அவர்கள் சோதித்துப் பார்க்காமல் உண்மையென ஏற்பதையும் கவனித்தார். அவர் வழிவந்த சிகிச்சையில், அத்தகைய எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்கு ஆதரவான சான்றை ஒரு கட்டத்திலும் எதிரான சான்றை அடுத்த கட்டத்திலும் குறிக்கச் சொல்வது வழக்கம். 'நான் யாருக்கும் பயன்படமாட்டேன்' என்று நான் எழுதியிருந்தேன். ஆதரவுக் கட்டம் நிரம்பி வழிந்தது. எதிர்க்கட்டம் காலியாகவே கிடந்தது. பிறருடைய பரிவு அங்கே சான்றாக ஏறவில்லை. பரிவு பெறுபவள் என்பதே என் இயலாமைக்கு இன்னொரு சான்றாகப் பட்டது. காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் நான் முதன்முதலாக எழுதிய வரி இதுதான்: 'இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்தேன். அக்கா பயன்படுத்திக்கொண்டார்.'

இதைவிடப் பெரிய உதவி அதன்பின் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு முழுப் பத்தியை நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். அவர் அதன் ஓரத்தில் பென்சிலால் 'இது இருக்கட்டும்' என்று எழுதி, என்னிடமே காட்டினார். "நீ சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா இது எனக்கு வேணும்மா" என்றார். எனக்குக் கை நடுங்கியது. கருத்து வேறுபாடு என்றால் நாள்கணக்கில் நீளும் மௌனம் என்றே பழகிவந்தவள் நான். இனி வரமாட்டார் என்று முடிவுகட்டிவிட்டேன். அவரோ அடுத்த வாரம் நான்காம் அத்தியாயத்துடன் வந்து நின்றார்.

இதை ஆலோசகரிடம் சொன்னபோது அவர் குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் டிரானிக்கின் ஆய்வுகளைப் பற்றிக் கூறினார். 1970களில் டிரானிக் நடத்திய ஒரு சோதனையில், தாய் சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருப்பாள்; குழந்தை சிரித்தும் கையை நீட்டியும் அவளை அழைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இது பலரும் அறிந்ததே. ஆனால் நல்ல உறவில் உள்ள தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்திசைவில் இருப்பதில்லை என்பதும், பிசகிய பின் மீண்டும் சேர்ந்துகொள்வதிலேயே நம்பிக்கை வளர்கிறது என்பதும் டிரானிக்கின் ஆய்வுகளில் வெளிப்பட்ட செய்தி. மீண்டும் சேர முடியும் என்பதை நான் வளர்ந்த பிறகு, ஓர் ஆய்வேட்டின் ஓரக்குறிப்பில் கற்றுக்கொண்டேன்.

பிறகொரு நாள் அக்கா மறுநாளே திருத்தம் வேண்டும் என்று கேட்டார். "நாளைக்கு முடியாதுக்கா, வெள்ளிக்கிழமை தர்றேன்" என்றேன். சொல்வதற்கு வரிசையாகக் காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். காரணம் கேட்க யாருமில்லை.

துயரத்தில் இருப்பவரிடமெல்லாம் வேலையை நீட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. படுக்கையைவிட்டு எழவே முடியாதவருக்கு அது பாரமாகிவிடும். என் சிகிச்சைக்கும் இது மாற்றாக இருக்கவில்லை. ஆயினும் இனி என் பக்கத்தில் ஒருவர் உடைந்து நிற்கும்போது, சாப்பாட்டோடு சேர்த்து, அவரால் இயலக்கூடிய ஏதேனும் ஒன்றை அவரிடம் கேட்பேன். முடியாது என்று அவர் சொன்னால், காரணம் கேட்காமல் மறுவாரமும் போவேன்.

அக்காவின் ஆய்வேடு இறுதி வடிவத்தை நெருங்கிவிட்டது. அவர் 'இருக்கட்டும்' என்ற அந்தப் பத்தி தேவையில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன்; அவரிடமும் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்குத் தனித்தனியே எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்களுக்கான மடல் வரச் சற்றுத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
உங்களில் ஒருத்தி