840 கண்ணி

கரூர்
ஆடி 25

அன்புள்ள கிரேஸ்,

நலம். நலமறிய ஆவல். இந்த இரண்டு வரியைத் தாண்டி நீ படிக்காமல் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் கேட்க எனக்கு வாய் கிடையாது. உன் இரண்டு கடிதமும் பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கின்றன. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், தைரியம் வரட்டும்.

முதலில் செய்தி. கொக்கி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து நான் குரோஷா பின்னுகிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? ஆமாம், நானேதான். தையல் வகுப்பில் நீ பின்னிய மாதிரியை என் பெயரில் ஒட்டிக் கொடுத்து 18 மதிப்பெண் வாங்கிய அதே முத்து. ஊசி டீச்சர் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றி, "இது உன் கை இல்லையே" என்றாரே, அந்தக் கைதான் இப்போது இந்த வேலை பார்க்கிறது. கால்டுவெல் துரையின் மனைவி எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் கற்றுக் கொடுத்த கதையை வாரம் ஒரு தடவையாவது சொல்லி, அந்த வரிசையில் வந்தவர்கள் நாமெல்லாம் என்று பெருமைப்படுவார். அந்த வரிசையில் கடைசியாக நின்ற நான் என்ன பின்னுகிறேன் தெரியுமா? பாத்திரம் விளக்கும் ஸ்பாஞ்சு. நல்லவேளை, டீச்சர் இல்லை.

வந்த வழியைச் சொல்கிறேன். சித்திரையில் சமையலறைத் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. குழாய் ரிப்பேர்காரர் வளைவைக் கழற்றித் தட்டினார். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கைப்பிடி பச்சைத் துணுக்குகள் விழுந்தன. எல்லாம் நான் தேய்த்த பச்சை ஸ்கிரப்பர். நைலான், மக்காது. எதிர்வீட்டுக் குழந்தையின் தலைமுடி என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்கிரப்பரின் அடியில் ஒட்டியிருக்கிற மஞ்சள் ஸ்பாஞ்சும் பாலியூரித்தேன், அதுவும் பிளாஸ்டிக்தான். நம் அம்மாக்கள் தேங்காய் நாரும் சாம்பலும் புளியும் வைத்து விளக்கியதெல்லாம் செடிக்குப் போனது, நாம் விளக்கியது எங்கே போனது என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வயதில் தூக்கம் வராமல் இருக்கக் காரணமா கிடைக்காது, ஆனாலும் இது புதுக் காரணம்.

ஊர் கரூர். ஏற்றுமதிக்குக் கிச்சன் டவலும் திரைச்சீலையும் நெய்கிற ஊரில் மிச்ச நூலுக்குப் பஞ்சமா? கிலோ 180 ரூபாய்க்கு ஒரு பை நிறைய மீதிக் கோன் வாங்கி வந்தேன். 2/10 நூல், அதாவது பத்தாம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது, அதை நாலாகச் சேர்த்து 4 மி.மீ. ஊசியில் போட்டால் பதமாக வருகிறது. வெள்ளையும் பழுப்புமாக, சாயம் போடாத கோரா நூல். சாயம் இல்லை, நல்லதுதானே என்று நான்கு ஸ்பாஞ்சு பின்னித் தொட்டியில் போட்டேன். நான்கும் தாமரை இலை மாதிரி மிதந்தன! தண்ணீரை ஒரு சொட்டு உறிஞ்ச மாட்டேன் என்கின்றன. பிழிந்தேன், அமுக்கினேன், திட்டினேன். சாயப்பட்டறையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "பஞ்சுல மெழுகு இருக்குமுங்க, சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் வேக வைங்க" என்றார். வேக வைத்தேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அதற்கப்புறம் ஸ்பாஞ்சு உறிஞ்சிய வேகத்தைப் பார்க்கணும் நீ.

இன்னொரு கூத்தும் நடந்தது. சாம்பார்ப் பாத்திரம் தேய்த்து ஸ்பாஞ்சு மஞ்சளாகிவிட்டது. சோப்பு போட்டேன், ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து விரலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சளில் சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் சிவக்கும், குங்குமம் செய்வதே அப்படித்தான், ஆனால் நேரத்துக்கு நினைவு வந்தால்தானே. அலசி வெயிலில் போட்டேன், இரண்டு நாளில் கறை வெளுத்துவிட்டது. மஞ்சளுக்கு வெயில் ஆகாது. கரூர் வெயிலை இத்தனை வருஷமாகத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பின்னுகிற முறை உனக்குப் பிடிக்கும். 28 சங்கிலி போடு. ஒரு பக்கம் சங்கிலிக்கு ஒன்றாகச் சிங்கிள் கண்ணி போட்டுக்கொண்டே போய், முனையில் திரும்பி, அடிப்பக்கத்திலும் போட்டுக்கொண்டே வா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சுற்றிச் சுற்றி 15 சுற்று. ஒரு பை மாதிரி எழும்பி நிற்கும். அதன் வாயைக் குறுக்காக மடக்கினால் தானாகவே சதுரமாகிவிடும், இரட்டைத் தடிமனில். வாயைத் தைத்துவிட்டால் முடிந்தது. முதல் தடவை மடங்கியபோது தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். மொத்தம் 840 கண்ணி. ஒரு சிட்டம், அதாவது ஒரு கட்டு நூலுக்கு 840 கெஜம் என்று மில்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

பைக்குள் பீர்க்கங்காய் நார் வைத்துத் தைத்தும் பார்த்தேன். புசுபுசுவென்று அழகாக இருந்தது. மூன்றாம் நாள் மழை வந்தது. நாற்றம் தாங்கவில்லை, உள்ளே ஈரம் காயவே இல்லை. பிரித்துப் போட்டுவிட்டேன். ஜெர்மனியில் 2017-இல் 14 பழைய ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்து 362 வகைக் கிருமி கண்டார்களாம், என் பெரியவன் போனில் படித்துக் காட்டினான். அடிக்கடி சுத்தம் செய்கிறோம் என்று சொன்னவர்களின் ஸ்பாஞ்சிலும் குறைவாக இல்லையாம். அதனால் கொதிக்க வைத்தால் மட்டும் போதும் என்று நான் நம்புவதில்லை. ஏழு ஸ்பாஞ்சு, நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் கொடியில் காய்ந்த பிறகே மறுபடி தொட்டிக்கு வரும். நுரை ஸ்பாஞ்சை யார் கொடியில் போடுகிறோம்? தொட்டி ஓரத்தில் ஈரத்தோடே கிடக்கும். பருத்தியை வைத்ததும் துணி என்ற நினைப்பு வருகிறது, கை தானாகக் கொடிக்குப் போகிறது.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பாத்திரம் விளக்க வரும் செல்வி முதல் நாளே தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இது மூஞ்சி தொடைக்கிறதுங்களா?" என்றாள். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். தேய்த்தேன். அவள் சொன்னதுதான் சரி, கரி போகவில்லை. அதற்குத் தேங்காய் நார்தான். தட்டு, டம்ளர், அடுப்பு மேடை, கண்ணாடி, பாத்ரூம் டைல்ஸ், இதற்கெல்லாம் பருத்தி போதும். இப்போது அவளே இரண்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், சைக்கிள் துடைக்க.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓர் அம்மா வீட்டில் கல்யாணம், முகூர்த்தம் ஆவணி 27. என் ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டு, "தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பா போடுவதற்கு இதையே போடலாமே, 200 செய்து தருவீர்களா" என்று கேட்டார். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டது. ஒன்றுக்கு 60 ரூபாய். நூல் செலவு நாலு ரூபாய்கூட ஆகாது, 56 ரூபாய் லாபம் என்று அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். அவர் பேப்பரை மடக்கிவிட்டு, "ஒன்று முடிக்க எவ்வளவு நேரம்?" என்றார். ஒரு மணி நேரம். "அப்போ எட்டு மணி நேரத்துக்கு 448 ரூபாய், கழுத்து வலி இலவசம்" என்றார். பேங்க்காரர் புத்தி. ஆனால் அதிலிருந்து எனக்கு ஆறவில்லை கிரேஸ். நிஜக் குரோஷாவை மெஷின் போட்டுத் தள்ளுவதில்லை. கடையில் 300 ரூபாய்க்குத் தொங்குகிற குரோஷா ரவிக்கை ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் போட்டது. அதில் அவளுக்கு எவ்வளவு போயிருக்கும்? நம்மோடு படித்தவர்களில் எத்தனை பேர் கல்யாணமான பிறகு டஜன் கணக்கில் லேஸ் பின்னிக் கொடுத்தார்கள், நாமும் டஜனுக்கு எட்டணா குறைத்துத்தான் வாங்கினோம். நான் வாங்கியிருக்கிறேன். ரோஸ்மேரியிடம்.

சரி. இப்போது உன் கடிதங்கள்.

அண்ணன் தவறிப்போனதைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடித்த வார்த்தையாகவே வந்தது. கிழித்தேன். ஒரு வாரம் கழித்து எழுதலாம் என்று வைத்தேன். அதற்குள் உன் இரண்டாவது கடிதம் வந்தது, "நீயாவது எழுது" என்று. அதன் பிறகு எழுத வெட்கமாகிவிட்டது. வெட்கத்தோடே ஒன்றரை வருஷம் போய்விட்டது. அவர் வாங்கி வந்த மிக்சர் பொட்டலத்தை நாம் இரண்டு பேரும் பஸ்ஸிலேயே தின்று தீர்த்தோமே, அன்றைக்கு அவர் முகம் போன போக்கு, அதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். இதை அன்றே எழுதியிருக்கலாம்.

ராத்திரியில் தூக்கம் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். எனக்கும் இல்லை என்று சொன்னேன் அல்லவா. பின்னும்போது தூக்கம் வராது, ஆனால் இரண்டு மணி மூன்றாகிவிடும். எண்ணிக்கொண்டே இருப்பதால் வேறு எதுவும் உள்ளே வர இடம் இருக்காது.

இனிக் கணக்கு. 41 முடித்துவிட்டேன். இன்னும் 33 நாள். நாளுக்கு மூன்றுக்கு மேல் போட்டால் கட்டைவிரல் மரத்துப்போகிறது. 99. ஆக 140. மிச்சம் 60.

ஏட்டி, புரிந்துவிட்டதா?

வேக வைத்துக் காயப்போட்ட நூல் ஒன்றரைக் கிலோ நாளைக் காலை பார்சலில் வருகிறது. 30 ரூபாய் கமிஷன் எனக்கு, 30 உனக்கு என்றெல்லாம் இல்லை, 60 ரூபாயும் உனக்கே. முடியாது என்றால் நூலை அப்படியே திருப்பி அனுப்பு, கோபப்பட மாட்டேன். முடியுமென்றால் ஒரு நிபந்தனை. ரொம்ப அழகாகப் பின்னாதே. உன் ஓரமெல்லாம் நேராக இருக்கும், என்னுடையது நெளிந்திருக்கும், பக்கத்தில் வைத்தால் அந்த அம்மா கண்டுபிடித்துவிடுவார். 18 மதிப்பெண் அளவுக்குப் பின்னு, போதும்.

உன்,
முத்து

பி.கு.: 4 மி.மீ. ஊசி உன்னிடம் இருக்கும். இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னுடையது. 1979-இல் எடுத்தாய்.