சனிக்கிழமைக் கூலியும் 120 நாள் பில்லும்

திருப்பூர்

அன்புள்ள கதிர்,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது; உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஏழு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் வேலையன்று, வெட்கம். வங்கியில் கடன் பிரிவிலேயே ஆயுளைக் கழித்த உன்னிடம் மறைத்ததை இன்று சொல்லிவிடுகிறேன்.

சென்ற தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, பதினெட்டுப் பேருக்குக் கூலியும் போனஸும் தர என் கையில் பணமில்லை. கணக்குப் புத்தகத்திலோ நல்ல லாபம். நூலுக்கு 30 நாளில் பணம் கட்டுகிறேன். துணியை வாங்குபவர் 120 நாள் கழித்துத் தருகிறார். இடைப்பட்ட காலத்தைச் சுமப்பது சி.சி. கணக்கு, அதாவது சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் காட்டி வங்கியில் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன். லிமிட் 40 லட்சம் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் சரக்கு 20 லட்சம், வங்கி கணக்கில் கொள்ளும் 90 நாளுக்குட்பட்ட வரவேண்டிய பாக்கி 30 லட்சம், இவற்றில் நூல் பாக்கி 10 லட்சத்தைக் கழித்து, மிஞ்சியதில் என் சொந்தப் பணமாக இருக்கவேண்டிய கால் பங்கு மார்ஜினையும் எடுத்துவிட்டால், நான் எடுக்கக்கூடியது 30 லட்சம்தான். எடுத்திருந்ததோ 37. அதை மறைக்க, 90 நாள் தாண்டிய 10 லட்ச ரூபாய் பில்களையும் புதியவற்றோடு சேர்த்து, வங்கிக்கு மாதந்தோறும் தரும் சரக்கு, பாக்கிக் கணக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்து என்னைத் தூங்கவிடவில்லை.

தை பிறந்ததும் மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கடிந்துகொண்டார், ஆனாலும் கணக்கு வராக்கடனாகுமுன் வந்ததால், மிகுதி 7 லட்சத்தைத் தவணையில் கட்ட வழி செய்து கொடுத்தார்.

எங்களைப் போன்ற சிறு தொழில்களுக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் யார் கேட்கிறார்கள்? அந்தக் கெடுவுக்குள் பணம் தராதவர், அதைக் கட்டும் ஆண்டில்தான் வரிக்குச் செலவாகக் காட்டலாம் என்ற வருமானவரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, சிறு தொழில் என்று காட்டும் உத்யம் பதிவை ரத்து செய்துவிடு என்று என்னிடம் வாங்குபவர் ஒருவரே கேட்டார். எனக்கு நெஞ்சு கொதித்தது. சிறு தொழில்களின் பில்லுக்கு வங்கிகள் முன்பணம் தரும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லை ஏலம் விட்டால் பணம் சீக்கிரம் கிடைக்கும், வாங்குபவர் கட்டாவிட்டாலும் நம் தலையில் விழாது. ஆனால் அவர் அந்தப் பில்லை ஏற்றுக்கொண்டால்தானே?

இப்போது சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்து முடித்ததும் ஒரு நீள நோட்டில் வரும் பதின்மூன்று வாரத்துக்கும் வரவு, செலவு எழுதுகிறேன்: நூல், கூலி, மின் கட்டணம், 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. பணம் வருமென்று வாய்வார்த்தை மட்டும் இருந்தால் பென்சிலில் எழுதுகிறேன், கணக்கில் ஏறிய பிறகே பேனா. பென்சில் எழுத்து மிகுந்த வாரத்தில் நூல் வாங்குவதைக் குறைத்துவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். மாதம் ஒருமுறை ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கும் நீங்கள், இப்படியொரு நோட்டையும் கேட்டுப் பார்த்தால் என்ன? கேட்டிருந்தால் ஐப்பசியிலேயே நான் உண்மையை எழுதியிருப்பேன். உன் கிளையில் இது நடக்குமா என்று யோசித்து எழுது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நோட்டையும் பார்.

அன்புடன்,
செந்தில்