எழுதித் தரும் முன் ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய வரியைப் படியுங்கள் + ஞாயிறு சந்திப்பு

நண்பர்களே, வணக்கம்.

கட்டுரைக்குப் பணம் வாங்கிவிட்டால் உரிமை யாருக்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருகிறவரே பொதுவாக முதல் உரிமையாளர். அந்த உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால் ‘எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும்’ என்று ஒரு வரி வந்தால், அவசரத்தில் சரி போட்டுவிடாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு, மொழிபெயர்ப்பும் ஒலிநூலும் இதில் அடக்கமா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நம் பிழைப்பு அந்த வரியில்தான் இருக்கிறது.

அப்புறம், ஞாயிறு காலை 10 மணிக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக வாசலில் கூடுகிறோம். பாதியில் நிற்கும் ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். திரையில் கண்ணுக்குத் தப்புவது தாளில் சிக்கும். முதல் பத்தியை வாய்விட்டுப் படிப்போம், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைப்போம். எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறில்லை.

பழைய பத்திரிகைகள் தேடுகிறவர்கள் வார நாளில் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். கட்டுரையோடு அந்தப் பக்கத்து விளம்பரங்களையும் விடாமல் பாருங்கள். அந்தக் காலத்து வீடும் கடைத்தெருவும் அதில் அப்படியே இருக்கும்.

ஞாயிறு வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே பெயர் போட்டுவிடுங்கள்.