கஸ்தூரிக்கு, சென்னை பட்டாளம் ஏரியாவுல இருந்து

அடியே கஸ்தூரி,

எப்படி இருக்க? பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானா? ஓசூர் குளிரு உன் முட்டிக்கு ஒத்துக்குதா? இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவளுக்கு வேலை கிடைச்சுடுச்சு. ரோசி டீச்சர் உன்னை கேட்டாங்க, அந்த பச்சை தாவணி விஷயத்த இன்னும் மறக்கல அவங்க. எட்டு மாசமா ஒரு வரி எழுதலைன்னு நீ திட்டறது இங்க வரைக்கும் கேக்குது, திட்டு, வாங்கிக்கறேன். நடுவுல நாலு தடவை போன் பண்ணலாம்னு எடுத்தேன், நீ ஹலோன்னு சொன்னாலே அழுதுடுவேன்னு தோணுச்சு, வெச்சுட்டேன். இதை எழுதித்தான் சொல்ல முடியும்.

விஷயம் மில்லு பத்தி. நம்ம பின்னி மில்லு.

போன மாசம், ஏப்ரல் 27, நம்ம தெருப் பக்கம் இருக்கற சின்ன ஹால்ல பழைய ஆளுங்க, அவங்க புள்ளைங்க எல்லாம் ஒண்ணு கூடினாங்க. 1918-ல அதே தேதில தான சங்கம் ஆரம்பிச்சாங்க, மெட்ராஸ் லேபர் யூனியன். ஒரு அறுபது பேர் இருக்கும். ஆளாளுக்கு ஒரு போட்டோ, ஒரு டோக்கன், ஒருத்தர் காக்கித் துணில ஒரு கெஜம் அப்படியே மடிப்பு கலையாம கொண்டு வந்திருந்தாரு. தொட்டுப் பாத்தேன் கஸ்தூரி, அதே முரட்டுத் துணி, அதே மணம், எனக்கு அப்பா சட்டை ஞாபகம் வந்துடுச்சு.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லணும். இடிக்கும்போது நீ இங்க இல்ல. மில்லு 1996-ல மூடினாங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா சும்மா கெடந்துச்சு, சினிமாக்காரங்க சண்டை எடுக்க வருவாங்க, கார் வெடிக்கும், கண்ணாடி உடையும், இன்னிக்கு பசங்க கிட்ட பின்னி மில்லுன்னா அந்த சண்டை தான் தெரியும். அப்புறம் ஒரு நாள் புல்டோசர் வந்துச்சு. எங்க மொட்டை மாடில துணி காயப் போட முடியல, அவ்ளோ தூசி. இரும்புத் தூணு, மரச்சட்டம், செங்கல்லுன்னு லாரி லாரியா போகுது. அப்பா தினம் காலைல நாஸ்டா முடிச்சதும் மாடில சேர் போட்டு உக்காந்துடுவாரு. அழல, பேசல. மூணாவது நாள் திடீர்னு கோவமா எந்திரிச்சு "தப்பு தப்பா இடிக்கறானுங்க"ன்னாரு. என்னப்பான்னு கேட்டா, "ப்ளோ ரூம்ல ஆரம்பிக்கணும், அப்புறம் கார்டிங், அப்புறம் ஸ்பின்னிங், அதுக்கப்புறம் தான தறி, சாயம், மடிப்பு. இவனுங்க எடுத்ததுமே தறி ஷெட்ட எடுத்துட்டானுங்க"ன்னு விரல் விட்டு எண்றாரு. பஞ்சு உள்ள போயி துணியா வெளிய வர்ற வரிசை அது. முப்பத்தெட்டு வருஷம் அந்த வரிசைலயே வாழ்ந்த மனுஷனுக்கு இடிக்கறதும் அந்த வரிசைல தான் இருக்கணும்னு பட்டிருக்கு. அன்னிக்கு நான் சாப்பாடு எடுத்துட்டுப் போனா தொடவே இல்ல. இப்ப அந்த இடம் பூரா அபார்ட்மெண்ட், ராத்திரில லைட் எரியும், அழகா தான் இருக்கும். அங்க குடி வந்தவங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

சரி, கூட்டத்துக்கு வரேன். சங்கத்தோட கதைய ஒரு பெரியவர் சொன்னாரு, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு கதை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தான், போயி வந்து கை கழுவி சோறு திங்கறதுக்குள்ள கேட் மூடிடுவான், அதைப் பாத்துப் பாத்து தாங்காம தான் அவங்க ரெண்டு பேரும் நியூ இந்தியா பத்திரிகை ஆபீசுக்குப் போயி, பின்னாடி சங்கத்துக்குத் தலைவரான பி.பி.வாடியாவ பாத்தாங்க. வாடியா வந்தாரு, திரு.வி.க. வந்தாரு, அரை மணி நாப்பது நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷம்டி! நாம ரெண்டு பேரும் டிபன் கேரியர தூக்கிட்டு பேரக்ஸ் ரோட்டுல ஓடுவோமே, அப்பாங்க ரெண்டு பேரும் மரத்தடில உக்காந்து உங்க வீட்டுக் கொழம்பும் எங்க வீட்டுக் கருவாடும் மாத்தி மாத்தி சாப்பிடுவாங்களே, உக்காந்து சாப்பிட முடிஞ்சதுக்குப் பின்னாடி இப்படி ஒரு கதை இருக்குன்னு அப்ப நமக்கு யாருடி சொன்னா? அதுக்கப்புறம் கம்பெனி வாடியா மேல ஹைகோர்ட்ல கேஸ் போட்டுச்சு, அந்த கேஸ் கெளப்பின சத்தத்துல தான் கடைசில 1926-ல தொழிற்சங்கச் சட்டமே வந்துச்சு. இந்தியாவுக்கே சட்டம், நம்ம பட்டாளத்து ஆளுங்களால. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு, கை தட்டினேன்.

அப்புறம் யாராவது பேசறீங்களான்னு கேட்டாங்க, நான் எந்திரிச்சேன்.

எங்க ஆயா கதைய சொன்னேன். உனக்கு ஆயாவ தெரியும், வெத்தல இடிச்சுக் குடுத்திருக்க. ஆனா 1921 பத்தி ஆயா சொன்னத உன்கிட்ட நான் ஒரு நாளும் சொன்னதில்ல, அது தான் இப்ப நெஞ்ச அறுக்குது. அந்த வருஷம் பெரிய ஸ்டிரைக். பின்னியோட ரெண்டு மில்லுல கர்நாடிக் மில்லுல ஆரம்பிச்சு பக்கிங்காம் மில்லும் சேந்துக்கிச்சு, மாசக்கணக்கா ஓடுச்சு. எங்க ஆதிதிராவிட ஜனங்க முக்காவாசிப் பேர் ஸ்டிரைக்ல சேரல, வேலைக்குப் போனாங்க. ஆயாவோட அப்பாவும் போனாரு. 1920 கடைசில தான் மாசக்கணக்குல மில்லு பூட்டி இருந்துச்சு, அப்ப பட்ட பட்டினி ஆறல, வீட்டுல விக்கறதுக்கு ஒரு பாத்திரம் பாக்கி இல்ல, கடன் குடுக்க சொந்தத்துல ஆள் இல்ல, எம்.சி.ராஜா மாதிரி எங்க தலைவருங்களும் வேலைக்குப் போங்கன்னு தான் சொன்னாங்க. ஜூன் மாசம் புளியந்தோப்புல எங்க குடிசைங்கள கொளுத்திட்டாங்க. ஆயாவுக்கு அப்ப ஒம்பது வயசு. தம்பிய இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடினேன், கஞ்சிப் பானைய மட்டும் அம்மா எடுத்தா, அது வழில ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லும். சாகற வரைக்கும் அந்தப் பானைய தான் சொல்லும், குடிசைய சொல்லாது. அந்த ஸ்டிரைக்ல உங்க பக்கமும் அழிஞ்சாங்க, அதையும் தான் நான் சொன்னேன். போலீஸ் சுட்டுச்சு, செத்தவங்க ஸ்டிரைக் பண்ணவங்க. ரெண்டு பக்கமும் பசி தான். இவ்ளோ தான் நான் பேசினது, அஞ்சு நிமிஷம் கூட இருக்காது.

ஹால் அமைதி ஆயிடுச்சு. அப்ப முன் வரிசைல இருந்து ஒருத்தர் எந்திரிச்சு, "பழச எதுக்கும்மா கிளறிக்கிட்டு, இன்னிக்கு நல்லத மட்டும் பேசுவோம்"ன்னாரு. நாலஞ்சு பேர் ஆமா ஆமான்னாங்க. அவரு வேற யாரும் இல்ல கஸ்தூரி, உங்க பெரியப்பா. நம்மள சைக்கிள்ல முன்னாடி ஒருத்தி பின்னாடி ஒருத்தியா உக்கார வெச்சுட்டுப் போவாரே, அதே பெரியப்பா. கெட்ட எண்ணத்துல சொல்லல, அது எனக்குத் தெரியும், வெளில வந்ததும் என் கைய புடிச்சு அப்பாவ பத்தி விசாரிச்சாரு, அழுதாரு. அவர திட்டாத. ஆனா நான் அன்னிக்கு வீட்டுக்கு வந்து படுத்தவ ரெண்டு நாள் சரியா எந்திரிக்கல.

யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மில்லு நின்னுட்டு இருந்தப்ப யாரும் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல, ஏன்னா மில்லே இருந்துச்சு. சங்கு ஊதுச்சுன்னா எல்லாரும் ஒரே கேட்டுக்குள்ள போனாங்க. எங்கப்பாவும் சங்கத்துல சந்தா கட்டினவரு தான், ரசீது எல்லாம் பத்திரமா வெச்சிருந்தாரு. இப்ப செங்கல்லு கூட இல்ல, இருக்கறது பேச்சு மட்டும் தான். அந்தப் பேச்சுலயும் எங்க ஆயா பானைக்கு இடம் இல்லன்னா அப்புறம் அது எங்க இருக்கும் சொல்லு. பத்து நிமிஷத்த ஜெயிச்சது எனக்கும் பெருமை தான், அதுல எனக்கும் பங்கு உண்டு. புளியந்தோப்பு எரிஞ்சதுல மட்டும் எனக்கு ஒருத்தருக்கே பங்குன்னா எப்படி?

அதனால உன்கிட்ட கேக்கறேன், நேரா கேக்கறேன். உங்க வீட்டுல 1921 பத்தி என்ன சொல்லுவாங்க? உங்க தாத்தாவோட அப்பா ஸ்டிரைக்ல இருந்தாருன்னு நீ ஒரு தடவ சொன்ன ஞாபகம். எங்க ஜனங்க வேலைக்குப் போனத பத்தி உங்க வீட்டுல என்ன பேசினாங்க? கோவமா பேசியிருந்தாலும் அப்படியே எழுது, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஒண்ணுமே பேசலன்னா அதையும் எழுது.

இன்னொண்ணு. உங்கப்பா டோக்கன், அந்த மூணு அடுக்கு டிபன் கேரியர், உன் அண்ணன் வீட்டுல இருந்தா கேட்டு வாங்கி வை. அடுத்த கூட்டத்துக்கு எல்லாத்தையும் ஒரு மேசைல வெக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஆடி மாசம் வெக்கறாங்களாம். நான் திரும்பவும் பேசப் போறேன், முடிவு பண்ணிட்டேன். நீ வரணும், பஸ் டிக்கெட்டு நான் போடறேன், முட்டி வலின்னு சாக்கு சொல்லாத. வந்து என் பக்கத்துல உக்காரு. பெரியப்பாவும் வருவாரு.

எலுமிச்சங்கா ஊறுகா போட்டு வெச்சிருக்கேன், வந்தா தான் தருவேன், கொரியர்ல எல்லாம் அனுப்ப மாட்டேன்.

உன்
செல்வி