படிப்பகச் சன்னல்களைத் துலக்கித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சுவருக்கும் சன்னல் சட்டங்களுக்கும் வண்ணம் பூசியபோது தெறித்துக் காய்ந்து, நெடுநாளாக எங்கள் படிப்பகத்தின் சன்னல் கண்ணாடிகளை மறைத்திருந்த பெயின்ட் முழுவதும் நீங்கிவிட்டது. பகலில் விளக்கைப் போடாமலே நாளிதழ் படிக்க முடிகிறது. கைகொடுத்த அனைவருக்கும் படிப்பகத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. யார் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத உதவிகள் அவை.

முதல் நன்றி, தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பெயின்டர் ஐயாவுக்கு. வந்ததும் அவர் பிளேடைக் கையில் எடுக்கவில்லை. வெள்ளைத் துணியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டு, கண்ணாடியிலிருந்த ஒரு புள்ளியை அழுத்தித் தேய்த்தார். துணியில் நிறம் ஏறியது. "இது சுவருக்கு அடித்த எமல்ஷன், தண்ணீர் கலந்து பூசும் பெயின்ட், ஊறினால் இளகும்" என்றார். சட்டத்திலிருந்து வழிந்திருந்த திட்டில் அதே துணியை வைத்துத் தேய்த்தபோது நிறம் துளியும் ஏறவில்லை. அது எனாமல், அதாவது எண்ணெய் வகைப் பெயின்ட். காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகிப்போன எனாமலை டர்பன்டைன் ஊற்றிக் கரைக்க முடியாது, பிளேடுதான் வழி என்று விளக்கினார்.

பிளேடு பிடிப்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். கண்ணாடி முழுக்கச் சோப்புத் தண்ணீர் வழிய வேண்டும். பிளேடு கண்ணாடியோடு ஏறக்குறைய 30 டிகிரியில் படுத்திருக்க வேண்டும். முன்னே மட்டும் தள்ள வேண்டும். பிறகு தூக்கி, துடைத்து, மீண்டும் வைக்க வேண்டும். அப்படியே பின்னால் இழுத்தால் அடியில் சிக்கிய மணல் துகள் கீறிவிடும். முனை சற்று மழுங்கினாலும் பிளேடை மாற்றிவிடச் சொன்னார். சரியாகத் தள்ளும்போது பெயின்ட் பொடியாக உதிராமல் நாடாவாகச் சுருண்டு வருவதைப் பார்க்க அத்தனை நிறைவாக இருந்தது.

கண்ணாடி பொருத்தும் தம்பிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. வாசலை ஒட்டிய பெரிய கண்ணாடியில் பிளேடு வைக்கப் போனவர்களை அவர்தான் தடுத்தார். மூலையிலிருந்த சிறு முத்திரையைக் காட்டி, அது டஃபன்டு கண்ணாடி என்றார். 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சட்டெனக் குளிரவைக்கும் கண்ணாடி அது. உலையில் நுண்ணிய கண்ணாடித் துகள்கள் அதன் மேல் ஒட்டியிருக்கலாம். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்தால் நீளக் கீறல் விழும். கீறிய பகுதியை மட்டும் வெட்டி மாற்றவும் வழியில்லை. ஆகவே அங்கே ஈரத்துணி, ஸ்பிரிட், பிளாஸ்டிக் சுரண்டி, நகம் ஆகியவை மட்டுமே. பொறுமையைச் சோதிக்கும் அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்துமுடித்த வாசகத் தோழியர் இருவருக்கும் தனி வணக்கம்.

பழைய சட்டங்களின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று எச்சரித்து, எதையும் உலர்ந்த நிலையில் சுரண்டவிடாமல், குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, உதிர்ந்த செதில்களை ஈரத்தோடு பொறுக்கிப் பையில் கட்டிய அக்காவை எப்படி மறப்பது? தண்ணீர் சுமந்தவர்களுக்கும் பழைய துணி தந்தவர்களுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். மரச்சட்டச் சன்னல்களில், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் மக்கு என்ற பூச்சை அடுத்து, கண்ணாடியின் ஓரமெங்கும் மெல்லிய பெயின்ட் கோடு தெரியும். பெயின்டர் ஐயா கத்தியால் கீறி அளவெடுத்து, ஓரிரு மில்லிமீட்டர் வேண்டுமென்றே விட்டுவைத்தது அது. மக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே மழைநீர் இறங்காமல் காப்பது அந்தக் கோடுதான். விடுபட்டுப்போனது என்று எண்ணி யாரும் அதைச் சுரண்டிவிட வேண்டாம்.

நன்றியுடன்,
படிப்பகப் பொறுப்பாளர்